கற்கோட்டையும் சொற்கோட்டையும்

முன்னுரை

தமிழகக் கடற்கரை நெடுகக் கோட்டைகள் பல நிற்கின்றன. தரங்கம்பாடியில் கி.பி.1620ஆம் ஆண்டளவில் டேனிஷ்காரர் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டை, சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை, கன்னியாகுமரிக்கு அருகில் திருவிதாங்கூர் அரசின் வட்டக்கோட்டை, சென்னையில் ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டை ஆகியவை அவற்றுள் பலரும் அறிந்தவை. விடுமுறை நாள்களில் மக்கள் இவற்றுக்குக் குடும்பத்தோடு செல்கின்றனர், கடற்காற்று வாங்குகின்றனர், புல்வெளியில் அமர்ந்து கட்டுச்சோறு உண்கின்றனர், பீரங்கியருகே குழந்தைகளை நிறுத்திப் படம் எடுக்கின்றனர். இவற்றுள் படைக்கலங்களைப் பெருந்தொகையாகக் காட்டும் அருங்காட்சியகத்தைத் தன்னகத்தே கொண்டது புனித ஜார்ஜ் கோட்டையாகும்.

கல்விச் சுற்றுலாவாக மாணவரை அங்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. ஆயின், வரலாற்றுத் துறையினர் செல்ல வேண்டிய இடத்திற்குத் தமிழ்த் துறையினர் ஏன் செல்ல வேண்டும் என்னும் வினா எழுவது இயல்பு. கோட்டையைக் காண்பதற்குக் கண் போதும். படிப்பதற்கு இலக்கியம் வேண்டும் என்பதே நாம் தரும் விடை. சங்கரன்கோவில் பக்கத்து இளையரசனேந்தல் போன்ற கரிசல் ஊர்களிலிருந்து செல்லும் மாணவர்க்கு இவ்விடை இன்னும் நெருக்கமானது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரண் பற்றிய தமிழ் மரபு

கோட்டை பற்றிய சிந்தனை நமக்கு மேனாட்டார் தந்ததன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் மதிலை வளைத்தலையும் காத்தலையும் உழிஞைத் திணையில் அடக்கிக் கூறுகின்றது. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, காத்தலை நொச்சி எனத் தனித்திணையாகப் பிரித்தது. தாக்குவோனுக்கு ஒரு பூவும் காப்போனுக்கு ஒரு பூவும் சூட்டி, இருவரின் வீரத்தையும் தனித்தனியே மதித்த மரபு இது.

திருவள்ளுவர் அரண் என்னும் எழுபத்தைந்தாம் அதிகாரத்தில் நீர், வெட்டவெளி, மலை, காடு ஆகியவற்றைக் காவலாகக் கூறுகின்றார். மதிலுக்கு உயரமும் அகலமும் உறுதியும் எளிதில் அணுக முடியாமையும் வேண்டும் என்கின்றார். உணவுச் சேமிப்பையும் மறவாது குறிக்கின்றார். இத்தனையும் கூறிவிட்டு, செயல்திறன் இல்லாதாரிடத்து எத்தகைய அரணும் பயன்படாது என்று அதிகாரத்தை முடிப்பது ஈண்டு எண்ணத்தக்கது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையோ மதுரை மதிலில் இருந்த பொறிகளை வரிசைப்படுத்துகின்றது. தானே வளைந்து எய்யும் வில், குரங்கு வடிவில் பாய்ந்து கடிக்கும் பொறி, கல் எறியும் கவண், கொதிக்கும் எண்ணெய் எனப் பட்டியல் நீள்கின்றது.

இவ்விலக்கணத்தைக் கையில் கொண்டு சென்னைக் கோட்டையை நோக்கினால் அது நன்கு விளங்கும். கிழக்கே கடல், சூழ அகழி, அகன்ற மதில், மூலைகளில் கொத்தளம் என வள்ளுவர் கூறிய கூறுகள் பலவற்றை அங்குக் காணலாம். இன்று அக்கடல் கோட்டைவாயிலில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்பெற்ற பின்னர் அதன் தெற்கே மணல் சேர்ந்து கரை கிழக்கே நகர்ந்தது. முன்னர் அலை வந்து மோதிய மதிலுக்கும் கடலுக்கும் இடையே இன்று சாலையும் மணற்பரப்பும் உள்ளன. கடல்வாயில் என்னும் பெயர் மட்டும் பழைய நிலையை நினைவூட்டுகின்றது. கல் மறந்ததைச் சொல் நினைவில் வைத்திருக்கின்றது என்பதற்கு இது முதற்சான்று.

கோட்டை வளர்ந்த வரலாறு

கி.பி.1639 ஆகஸ்ட் 22இல் பிரான்சிஸ் டே என்பாரின் முயற்சியால், தாமல் வெங்கடப்ப நாயக்கரிடமிருந்து கும்பினியார் இவ்விடத்திற்கு உரிமை பெற்றனர். அடுத்த ஆண்டில் கோட்டைப்பணி தொடங்கியது. புனித ஜார்ஜின் திருநாள் ஏப்ரல் 23 ஆகும். அதனையொட்டியே கோட்டை இப்பெயர் பெற்றது என்பர். வணிகப் பண்டகசாலைக்கு வேலியாக எழுந்தது படிப்படியாகப் படைநிலையமாகி, பின் ஆட்சிப்பீடமாயிற்று. இன்று தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இங்குதான் இயங்குகின்றன.

இக்கோட்டை வெல்லப்படாத கோட்டையன்று. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் இதனைக் கைப்பற்றினர். உடன்படிக்கையின்படி 1749இல்தான் ஆங்கிலேயர் திரும்பப் பெற்றனர். இடையில், 1746 அக்டோபரில் அடையாற்றங்கரையில் ஒரு போர் நிகழ்ந்தது. ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் தம் மூத்த மகன் மாபூஸ்கான் தலைமையில் பெரும்படையை அனுப்பினார். எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரெஞ்சுப் படை, ஒழுங்காக அணிவகுத்துத் துப்பாக்கி சுட்டு அப்பெரும்படையைச் சிதறடித்தது. பயிற்சி பெற்ற சிறுபடை பயிற்சியற்ற பெரும்படையை வெல்லும் என்பதை இரு கும்பினிகளும் அன்று கண்டுகொண்டன. உள்நாட்டு மக்களையே சிப்பாய்களாகச் சேர்த்துப் பயிற்றும் முறை அதன்பின் விரைந்து வளர்ந்தது.

1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலி இக்கோட்டையை முற்றுகையிட்டார். ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் முற்றுகை நீங்கியது. அக்காலத்தில் கோட்டைக்கு வெளியே செங்கற்பட்டுப் பக்கம் நின்று, முற்றுகையிட்டோரின் உணவு வழிகளைத் துண்டித்த சிப்பாய்ப் படைத்தலைவர் ஒருவர் உண்டு. அவரே கான்சாகிபு எனப்பெறும் யூசுப்கான். மாபூஸ்கான், யூசுப்கான் ஆகிய இவ்விருவர் பெயரையும் நினைவில் கொள்ளுதல் வேண்டும். இருவரும் நம் கரிசல் மண்ணுக்கு வந்தவர்கள்.

அருங்காட்சியகத்தில் காண்பன

கோட்டை அருங்காட்சியகம் 1948 ஜனவரி 31இல் திறக்கப்பெற்றது. இந்தியத் தொல்லியல் துறையினர் இதனைப் பேணுகின்றனர். அது அமைந்துள்ள மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. வணிகர் கூடும் மன்றமாக இருந்தது. ஒருகால் அதன் உச்சியில் கலங்கரை விளக்கமும் எரிந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை நாளாகும். செல்வோர் இதனை மனத்தில் கொண்டு பயணத்தைத் திட்டமிடுதல் நன்று.

உள்ளே வாள், குறுவாள், ஈட்டி, வில், அம்பு, கைத்துப்பாக்கி, நீள்துப்பாக்கி, தலைக்கவசம், மார்புக்கவசம், பீரங்கி ஆகியவை உள்ளன. படையினரின் சீருடைகள், பதக்கங்கள், நாணயங்கள், ஆளுநர்களும் ஆர்க்காட்டு நவாபுகளும் தீட்டப்பெற்ற ஓவியங்கள் ஆகியவையும் உள்ளன. 1947 ஆகஸ்ட் 15 அன்று இக்கோட்டையில் ஏற்றப்பெற்ற தேசியக்கொடி 2013 முதல் இங்குக் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளது. ஆளவந்தாரின் பொருள்கள் நிறைந்த மாளிகையில் அக்கொடி இடம்பெற்றிருப்பது காண்பார் நெஞ்சை நிமிரச் செய்யும்.

இவற்றிடையே கார்ன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை தனித்து நிற்கின்றது. தாமஸ் பேங்க்ஸ் என்னும் ஆங்கிலச் சிற்பி வடித்தது. சிலையின் முகத்தைவிட அதன் பீடத்தையே நாம் உற்று நோக்க வேண்டும். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்புசுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பெற்றது. அது தீரும்வரை அவருடைய மைந்தர் இருவர் பிணையாகக் கொள்ளப்பட்டனர். ஒருவர்க்கு அகவை பத்து, மற்றவர்க்கு எட்டு. அச்சிறுவரைக் கையேற்கும் காட்சியே பீடத்தில் செதுக்கப்பெற்றுள்ளது. செதுக்கியவர்க்கு அது வெற்றியின் பெருமிதம்; குழந்தைகளைப் பிரிந்த தந்தையின் நிலையில் நின்று நோக்குவார்க்கோ அது துயரம். ஒரே கல் இருவேறு பொருள் தருகின்றது. இலக்கியத்தில் இருபொருள்படும் செய்யுளைச் சிலேடை என்று கற்பிக்கின்றோம். அருங்காட்சியகத்தின் ஒவ்வொரு பொருளும் ஒரு வகையில் சிலேடையே.

சீருடைகளும் இவ்வாறே. 1806 ஜூலை 10இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய தலைப்பாகையும் அதிலிருந்த தோலும், சமயக்குறி அணிதற்கும் தாடி வளர்த்தற்கும் வந்த தடைகளும் அதற்கு உடனடிக் காரணங்களாயின. அவ்வாணைகள் பிறந்தது சென்னைத் தலைமையிடத்தில்தான். திருநீற்றைத் துடைக்கச் சொன்ன ஆணையும் தாடியை மழிக்கச் சொன்ன ஆணையும் ஒரே தாளில் வந்தன. எதிர்ப்பும் ஒன்றாகவே எழுந்தது. கண்ணாடிப் பேழைக்குள் அமைதியாக இருக்கும் ஒரு தலைப்பாகை எத்துணைப் பேரின் உயிரோடு தொடர்புடையது என்பதை மாணவர் அங்கு நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு மாணவரின் வினா

நம் துறை மாணவரோடு சென்றிருந்தபொழுது, ஈட்டிகள் வரிசையின் முன் நின்ற மாணவர் ஒருவர், “ஐயா, எங்கள் பக்கத்துப் பாளையக்காரர் கோட்டைகளின் ஈட்டியும் வேலும் எங்கே இருக்கின்றன?” என்று வினவினார். இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து படிக்க வந்தவர் அவர். வினா எளிது; விடை எளிதன்று.

ஏந்தல் என்பது நீரை ஏந்தி நிற்கும் நிலையைக் குறிக்கும் சொல். இளையரசனேந்தல் என்னும் பெயருள் அரசும் ஏரியும் ஒருங்கே உள்ளன. நெல்லைச் சீமையின் பாளையங்களுள் ஒன்றாக இருந்து, பின் ஜமீனாக மாறிய ஊர் அது. மதுரை நாயக்கர் காலத்தில் நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுக்கப்பெற்றது என்பது மரபுவழிச் செய்தி. அவற்றின் கோட்டைகளில் பெரும்பாலன மண்கோட்டைகள். சுற்றிலும் முள்வேலி, உள்ளே குழைத்து இறுக்கிய மண்மதில். கற்சுவரில் பட்ட குண்டு கல்லைப் பிளக்கும். மண்சுவரில் பட்ட குண்டோ உள்ளே புதையும். கும்பினிப் படை இம்மண்மதில்களின் முன் பலமுறை தடுமாறியதை, பாஞ்சாலங்குறிச்சிப் போரில் பங்குகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அலுவலரே தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். 1801இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, இடிக்கப்பட்டுக் கிடந்த கோட்டையைச் சில நாள்களில் மீண்டும் எழுப்பியதும் மண்ணால்தான்.

அந்த ஆண்டே அக்கோட்டை மீண்டும் வீழ்ந்தது. மருதிருவர் அக்டோபரில் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு, பாளையத்து மக்கள் படைக்கலம் வைத்திருத்தலைத் தடை செய்தது. கோட்டைகள் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1803 அளவில் எஞ்சிய பாளையங்கள் வரி செலுத்தும் ஜமீன்களாயின. அருங்காட்சியகம் திறக்கப்பெற்ற அதே 1948இல் சென்னை மாகாணத்தின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது.

ஆகவே, மாணவரின் வினாவுக்கு விடை இதுவாகும்: வென்றவரின் கோட்டை அருங்காட்சியகமாயிற்று, தோற்றவரின் கோட்டை உழுநிலமாயிற்று. பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுந்த நினைவுக்கோட்டையும், நெற்கட்டும்செவலில் உள்ள பூலித்தேவர் நினைவு மாளிகையும் அரசு பின்னர்ச் செய்த நற்பணிகள். பழம்பொருளோ மிகக் குறைவாகவே எஞ்சியது. அங்ஙனமாயின், அம்மக்களின் நினைவு எங்கே தங்கியது? அது பாட்டில் தங்கியது.

பாட்டில் தங்கிய கோட்டைகள்

கட்டபொம்மன், கான்சாகிபு, பூலித்தேவன், தேசிங்குராசன் ஆகியோரைப் பற்றிய கதைப்பாடல்களும் சிந்துகளும் கும்மிகளும் மக்கள் நாவில் வாழ்ந்தன. பேராசிரியர் நா.வானமாமலை இவற்றுள் சிலவற்றைத் தேடிப் பதிப்பித்தார். வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல் 1971இலும், கான்சாகிபு சண்டை 1972இலும் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாக வந்தன. எழுத்தறியாதார் காத்த செல்வத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி இது. கோட்டை ஏடுகள் படைத்தலைவர்களையும் வரித்தொகையையும் விரிவாகப் பேசுகின்றன. வெண்ணிக் காலாடி, ஒண்டிவீரன் போன்ற வீரர்களின் பெயரை நமக்குப் பெரிதும் காத்துத் தந்ததோ ஊர்மக்களின் வாய்மொழி வழக்கே.

இங்கு மாபூஸ்கானையும் யூசுப்கானையும் மீண்டும் நோக்குவோம். அடையாற்றில் தோற்ற மாபூஸ்கான் 1755இல் கும்பினித் தளபதி ஹெரானோடு நெல்லைச் சீமைக்கு வரி தண்ட வந்தார். அப்போது நெற்கட்டும்செவலை வெல்ல முடியாது ஹெரான் திரும்பினார். சீமையில் தங்கிவிட்ட மாபூஸ்கானோ, பின்னர்த் தம் இளவல் நவாபு முகமது அலிக்கும் கும்பினிக்கும் எதிராகப் பூலித்தேவரோடு அணிசேர்ந்து சில ஆண்டுகள் இருந்தார். மறுபுறம், சென்னைக் கோட்டையைக் காக்கத் துணைநின்ற யூசுப்கான் 1761இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர்க் கோட்டைகளைக் கும்பினிக்காக வென்றார். அவரே 1763இல் அக்கும்பினியை எதிர்த்து மதுரையில் கொடியேற்றினார். நீண்ட முற்றுகைக்குப் பின் உடனிருந்தோரால் காட்டிக்கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15இல் தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது.

இச்செய்திகள் நமக்கு உணர்த்துவது யாது? பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களை இந்து அணி, முஸ்லிம் அணி எனப் பிரித்துப் பார்ப்பவர் இம்மூவரையும் எங்கே நிறுத்துவர்? முஸ்லிம் இளவரசர் ஒருவர் பூலித்தேவரின் அணியில் நின்றார். பூலித்தேவரை வென்றவரும் முஸ்லிமே. அவரே பின்னர்க் கும்பினியை எதிர்த்து உயிர்நீத்தார். கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியோடு நின்ற எட்டயபுரமும் ஒரு தமிழ்ப் பாளையமே. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் அவைப்புலவராக விளங்கியதும் அந்த எட்டயபுரத்தில்தான். உரிமை, ஆட்சி, வரி, நட்பு, பகை என்னும் பல இழைகளால் நெய்யப்பெற்ற துணியிலிருந்து ஓர் இழையை மட்டும் உருவிக்காட்டுவது வரலாறாகாது.

கதைப்பாடல்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தன. நம் பாளையங்களை அழித்த கான்சாகிபுவை நாயகனாக வைத்தே நாட்டுப்புறக் கலைஞர் பாடினர். தேசிங்குராசன் கதையில் அவனுக்காக உயிர்கொடுக்கும் நண்பன் ஒரு முஸ்லிம். உழிஞைக்கும் நொச்சிக்கும் தனித்தனிப் பூச்சூடிய பழந்தமிழ் உள்ளம் இப்பாடகரிடத்தும் தொடர்ந்தது எனலாம். இன்று மேடைகளில் இப்பெயர்களைச் சாதிக்கும் சமயத்துக்கும் உரிமையாக்கிப் பிரிக்கும் குரல்கள் எழுங்கால், பாட்டைப் படித்த மாணவர் அமைதியாக மறுமொழி கூற இயலும்.

படைக்கலச் சொற்கள்

பாட்டேயன்றி, அன்றாடச் சொல்லும் ஓர் அருங்காட்சியகமே. வாளும் வேலும் வில்லும் அகழியும் தமிழ்ச்சொற்கள். துப்பாக்கி துருக்கிய மொழியிலிருந்து பாரசீக, உருது வழியே வந்தது. சிப்பாய், ஜமேதார், சுபேதார் ஆகியவை பாரசீகத் தொடர்புடையவை. பீரங்கி என்பது மேனாட்டாரைச் சுட்டிய பரங்கி என்னும் சொல்லோடு உறவுடையது. கருவிக்கு அதனைக் கொணர்ந்தவரின் பெயரே நிலைத்தது. பட்டாளம், துருப்பு, கும்பினி ஆகியவை ஐரோப்பியர் வழி வந்தவை. கரிசல் ஊர்ப் பாட்டி ஒருவர் போர்க்கதை கூறுங்கால் இச்சொற்கள் அனைத்தும் ஒரே மூச்சில் வருகின்றன. எவர் எக்காலத்தில் வந்தார், எதைக் கொணர்ந்தார் என்னும் வரலாறு அம்மூச்சில் அடங்கியுள்ளது.

மாணவர் செய்யத்தக்கன

இனிக் கோட்டைக்குச் செல்லும் தமிழ் மாணவர் மூன்று பணிகளைச் செய்யலாம். முதலாவது, செல்வதற்கு முன் திருக்குறளின் அரண் அதிகாரத்தையும், ஒரு கதைப்பாடலையும் படித்தல். இரண்டாவது, அருங்காட்சியகத்தில் விரும்பிய பத்துப் பொருள்களைத் தேர்ந்து, அவற்றின் தமிழ்ப்பெயர், அப்பெயர் வந்த வழி, அப்பொருளைப் பிடித்திருந்த கை, அதற்கு எதிரே நின்ற கை ஆகிய நான்கையும் குறிப்பேட்டில் எழுதுதல். மூன்றாவது, ஊர் திரும்பிய பின் தத்தம் ஊரில் கோட்டைமேடு போன்ற இடப்பெயர்களையும், முதியோர் கூறும் கதைகளையும், வில்லிசைக் கலைஞர் பாடும் பகுதிகளையும் பதிவு செய்தல். கூறுபவர் பெயர், அகவை, நாள் ஆகியவற்றையும் குறித்தல் வேண்டும். இன்று கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாக இருப்பதனால், பொருட்செலவு தடையாகாது. காலமே தடை, பாடத் தெரிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

முடிவுரை

சென்னைக் கோட்டையின் கல்லும் வாளும் அரசின் காவலில் உள்ளன. அவற்றுக்குப் பூட்டும் காவலரும் உண்டு. கரிசல் மண்ணின் கோட்டைகளோ சொல்லில்தான் எஞ்சியுள்ளன. அவற்றுக்குக் காவல் கேட்கும் செவியும் எழுதும் கையுமே. இளையரசனேந்தல் மாணவர் எழுப்பிய வினாவுக்கு முழுமையான விடையை எந்த அருங்காட்சியகமும் தர இயலாது. அவர் தம் ஊர்த் திண்ணையில் அமர்ந்து தொகுக்கும் குறிப்பேடு தர இயலும். கடலோரக் கோட்டைக்குச் செல்வோம்; கண்டு வருவோம். திரும்பியதும் நம் ஊர்க் கோட்டைமேட்டைப் பற்றிப் பெரியோரிடம் கேட்போம். அப்பணியைத் தமிழ்த் துறை செய்யாவிடில் வேறு எத்துறையும் செய்யப்போவதில்லை.